நகராட்சியின் சொத்துப் பதிவேடு

நேயர்களுக்கு வணக்கம்.

நகராட்சி என்றதும் குப்பை வண்டி, குழாய்த் தண்ணீர், எரியாத தெருவிளக்கு ஆகியவைதான் நம் நினைவுக்கு வரும். ஆனால் தமிழ்நாட்டின் பல ஊர்களில் கடைவீதியில் பல இடங்களுக்கு வாடகை வாங்கும் உரிமையாளரும் அந்த நகராட்சிதான். பேருந்து நிலையக் கடைகள், தினசரி சந்தை, வாரச்சந்தை, இருசக்கர வாகன நிறுத்துமிடம், கட்டணக் கழிப்பிடம், ஆட்டிறைச்சிக் கூடம், பூங்கா, சுடுகாடு, உரக்கிடங்கு, மேல்நிலைத் தொட்டி நிற்கும் மனை என்று அந்தப் பட்டியல் நீளும். இவற்றின் மீது நகராட்சிக்கு என்ன அதிகாரம், இவை எப்படிக் கைநழுவுகின்றன என்பதைப் பற்றி இன்று பேசலாம்.

முதலில் அதிகாரம். அரசியல் சட்டத்தின் 74ஆவது திருத்தம் 1993 ஜூன் 1 அன்று நடைமுறைக்கு வந்தது. அதனோடு சேர்ந்து வந்த 12ஆவது அட்டவணையில் நகர்ப்புற உள்ளாட்சிக்குரிய 18 பணிகள் உள்ளன. அவை உள்ளாட்சியின் கைக்குத் தாமாக வந்துவிடவில்லை. அவற்றை மாநிலச் சட்டமன்றம் ஒப்படைக்கலாம் என்றுதான் சட்டம் சொல்கிறது. அதனால்தான் அந்தப் பட்டியலில் உள்ள தீயணைப்பு தமிழ்நாட்டில் இன்றும் மாநில அரசுத் துறையாக இருக்கிறது. சென்னையில் குடிநீர் தனி வாரியத்திடம் இருக்கிறது. நகராட்சிகளுக்கு அதிகாரம் எங்கிருந்து வருகிறது என்று பார்க்க வேண்டுமானால் மாநிலச் சட்டத்தைத்தான் புரட்ட வேண்டும். நெடுங்காலம் அது 1920ஆம் ஆண்டின் மாவட்ட நகராட்சிகள் சட்டமாக இருந்தது. 2023 ஏப்ரல் முதல் 1998ஆம் ஆண்டின் தமிழ்நாடு நகர்ப்புற உள்ளாட்சி அமைப்புகள் சட்டமும் அதன்கீழ் வந்த 2023ஆம் ஆண்டு விதிகளும் நடைமுறையில் உள்ளன. கால் நூற்றாண்டாகக் கிடப்பில் இருந்த சட்டம் அது என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

நகராட்சிக்குள் முடிவெடுப்பது ஒருவர், கையெழுத்திடுவது இன்னொருவர். ஒரு கடையைக் குத்தகைக்கு விடலாமா, ஏலத்தை ஏற்கலாமா என்று தீர்மானிப்பது நகர்மன்றம். அந்தத் தீர்மானத்தை நிறைவேற்றுவதும், ஒப்பந்தத்தில் கையெழுத்திடுவதும், காலி செய்யச் சொல்லி நோட்டீஸ் கொடுப்பதும் ஆணையர். தலைவர் வாய்மொழியாக ஒரு கடையை ஒருவருக்குக் கொடுத்தால் அது செல்லாது. அதேபோல, மன்றத்தின் ஒப்புதல் இல்லாமல் ஆணையர் குத்தகையை நீட்டித்தால் தணிக்கைத் தடை வரும். அசையாச் சொத்தை விற்க மன்றத் தீர்மானம் மட்டும் போதாது, மாநில அரசின் முன் அனுமதியும் வேண்டும். சட்டத்துக்கு முரணான தீர்மானத்தை நிறுத்திவைக்கவும் ரத்து செய்யவும் அரசுக்கு அதிகாரம் உண்டு.

அடுத்து, எது நகராட்சியின் சொத்து? பணம் கொடுத்து வாங்கியது, தானப்பத்திரம் மூலம் வந்தது, அரசு ஒப்படைத்தது, சட்டப்படி அதன் வசம் இருப்பது என எல்லாமே ஒரே வகையல்ல. தெருவை எடுத்துக்கொள்ளுங்கள். நகராட்சித் தெரு நகராட்சியின் வசம் இருக்கிறது. ஆனால் அதன் அடிமண்ணுக்கு அது முழு உரிமையாளர் அல்ல. தெருவாகப் பயன்படுத்தவும் பராமரிக்கவும் தேவையான அளவு மேற்பரப்பும், அதன் மேலும் கீழும் உள்ள இடமும்தான் அதற்கு உரியவை. மதுரை நகராட்சிக்கு எதிரான சுந்தரம் ஐயர் வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் நூறு ஆண்டுக்கு முன்பே இதைச் சொல்லிவிட்டது. ஊருக்குள் ஓடும் மாநில நெடுஞ்சாலையோ நெடுஞ்சாலைத் துறையுடையது. புறம்போக்கு வருவாய்த் துறையுடையது. கோயில் மனை கோயிலுடையது. ஆக்கிரமிப்பு என்று மனு கொடுக்கும்போது முதலில் இதைத் தெரிந்துகொள்ளாவிட்டால், மனு மூன்று அலுவலகங்களைச் சுற்றிவிட்டுப் புறப்பட்ட இடத்துக்கே திரும்பும்.

தெரிந்துகொள்ளும் வழி நகர நில அளவைப் பதிவேடுதான். வார்டு, பிளாக், டி.எஸ். எண் எனப்படும் நகர நில அளவை எண் மூன்றும் தெரிந்தால் நிலம் யார் பெயரில் இருக்கிறது, பரப்பு எவ்வளவு, எந்த வகைப்பாடு என்பது கிடைத்துவிடும். நகராட்சி தன் அலுவலகத்தில் வைத்திருக்கும் சொத்துப் பதிவேட்டின் ஒவ்வொரு பதிவிலும் இந்த எண்ணும், நான்கு எல்லையும், பரப்பும், சொத்து எந்த ஆவணத்தின் மூலம் வந்தது என்பதும், இப்போது யார் அனுபவத்தில் இருக்கிறது என்பதும் இருக்க வேண்டும். நடைமுறையில் என்ன இருக்கும் தெரியுமா? ‘சந்தைப்பேட்டை, 1 எண்ணிக்கை’ என்றிருக்கும். பரப்பு இருக்காது, வரைபடம் இருக்காது. தமிழ்நாட்டு நகராட்சிகள் 2000 வாக்கில், வரவு செலவோடு சொத்து மதிப்பையும் காட்டும் திரட்டல் முறைக் கணக்குக்கு மாறியபோது சொத்துகளுக்குப் பண மதிப்பு போட்டார்கள். பேரேட்டில் மதிப்பு ஏறியது, நிலத்தில் கல் நடப்படவில்லை.

அதனால் வரும் இழப்பை மனைப்பிரிவுகளில் தெளிவாகப் பார்க்கலாம். 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவு போடுபவர், சாலை போக மீதி நிலத்தில் 10 சதவீதத்தைத் திறந்தவெளியாக ஒதுக்கி, சாலைகளோடு சேர்த்து உள்ளாட்சிக்குத் தானப்பத்திரம் எழுதிக்கொடுக்க வேண்டும். பத்திரம் பதிவாகும். அதன் நகல் நகரமைப்புப் பிரிவின் கோப்பில் உறங்கும். உட்பிரிவு செய்து, நில அளவைப் பதிவேட்டில் நகராட்சியின் பெயரை ஏற்றும் வேலைதான் நடக்காது. பழைய எண் பழைய உரிமையாளர் பெயரிலேயே தொடரும். பதினைந்து ஆண்டு கழித்து அவருடைய வாரிசு அதே இடத்தை மனையாக்கி விற்பார்; வாங்குபவர் பட்டாவைப் பார்த்து நம்பி வாங்குவார். வில்லங்கச் சான்றில் தானப்பத்திரம் தெரிய வேண்டும்தான். ஆனால் குறைந்த காலத்துக்கு மட்டும் வில்லங்கம் போட்டுப் பார்ப்பவர்கள்தாமே அதிகம்! தானப்பத்திரம் பதிவான அன்றே உட்பிரிவுக்கு விண்ணப்பம், ஒரு மாதத்துக்குள் கம்பிவேலி, டி.எஸ். எண்ணோடு ஒரு பலகை: இந்த மூன்றுக்கும் ஆகும் செலவு, பின்னால் வழக்கறிஞருக்குக் கொடுப்பதில் ஒரு துளிதான்.

காலதாமதம் இங்கே ஏன் ஆபத்து என்றால், காலவரையறைச் சட்டம் அப்படி. தெருவிலோ சாலையிலோ ஒருவர் ஆக்கிரமித்திருந்தால் அதை மீட்க வழக்குத் தொடர உள்ளாட்சிக்கு 30 ஆண்டு அவகாசம் உண்டு. மாநில அரசின் நிலத்துக்கும் 30 ஆண்டு. ஆனால் தெரு அல்லாத நகராட்சி நிலத்துக்கு, தனியார் நிலத்துக்கு உள்ள அதே 12 ஆண்டுதான். பூட்டிக் கிடக்கும் மருந்தகக் கட்டடத்தின் பின்பக்கத்தை ஒருவர் சுவர் எழுப்பிச் சேர்த்துக்கொண்டு 12 ஆண்டு பகிரங்கமாக அனுபவித்தால், எதிரிடை அனுபவத்தால் தமக்கு உரிமை வந்துவிட்டது என்று அவர் வாதாடலாம். ஐந்து ஆண்டுக்கு ஒருமுறையாவது எல்லா மனைகளையும் நேரில் அளந்து, அளந்த தேதியோடு பதிவு செய்ய வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல காரணம் வேண்டியதில்லை.

இனி கடைகள். நகராட்சிக்கு மாதாமாதம் காசு வருவதும், சச்சரவு வருவதும் இங்கேதான்.

கடையைப் பொது ஏலம் அல்லது ஒப்பந்தப்புள்ளி மூலமே விட வேண்டும். குறைந்தபட்ச வாடகை நிர்ணயிக்க, அதே வீதியில் உள்ள தனியார் கடைகளின் சதுர அடி வாடகையை நேரில் விசாரித்து எழுத வேண்டும். பழைய வாடகையோடு ஏதோ ஒரு சதவீதத்தைக் கூட்டி நிர்ணயிப்பதுதான் வழக்கமாகிவிட்டது. அங்கேயே சரிவு தொடங்குகிறது. 2007ஆம் ஆண்டு அரசாணையின்படி பல ஆண்டுகள் இருந்த முறை, மூன்று ஆண்டுக்கு ஒருமுறை 15 சதவீத உயர்வு, மொத்தம் 9 ஆண்டு, பிறகு மறு ஏலம் என்பது. 15 சதவீதம் பெரிதாகத் தெரியும். கணக்குப் போட்டால் ஆண்டுக்கு 5 சதவீதம்கூட இல்லை. 3,000 ரூபாயில் தொடங்கிய வாடகை 3,450 ஆகி, ஏழாம் ஆண்டில் 3,967 ஆகும். அதற்குள் பக்கத்துத் தனியார் கடை இரண்டு மடங்கைத் தாண்டியிருக்கும். இந்த இடைவெளியில்தான் உள்வாடகை பிறக்கிறது. ஏலம் எடுத்தவர் நகராட்சிக்கு நான்காயிரம் கட்டிவிட்டு, உள்ளே கடை நடத்துபவரிடம் பத்தாயிரம் வாங்குவார். வித்தியாசம் ஊருக்குச் சேர வேண்டிய பணம். இதைக் கண்டுபிடிக்கப் பெரிய புலனாய்வு வேண்டாம். கடையின் தொழில் உரிமம், மின் இணைப்பு, ஜி.எஸ்.டி. பதிவு ஆகியவற்றில் உள்ள பெயரையும் குத்தகைதாரர் பெயரையும் ஒப்பிட்டால் போதும்.

ஏலத்தில் கூட்டுச் சேர்வது இன்னொரு நோய். ஐந்து பேர் டேவணி, அதாவது ஏலத்தில் கலந்துகொள்வதற்கான முன்பணம், கட்டிவிட்டு நான்கு பேர் வாய் திறக்க மாட்டார்கள். எதிர்மாறாக, வீம்புக்கு ஏற்றிக் கேட்டுவிட்டு மறுநாள் வராமல் இருப்பவரும் உண்டு. முதல் நோய்க்கு மூடிமுத்திரையிட்ட ஒப்பந்தப்புள்ளியும் இணையவழி ஏலமும் ஓரளவு மருந்து. இரண்டாவதுக்கு, திரும்பக் கிடைக்காது என்று அஞ்சும் அளவுக்கு டேவணி வேண்டும்; அதைப் பறிமுதல் செய்யவும் வேண்டும்.

ஒப்பந்தம் எழுதுவதில் பெரும்பாலும் கோட்டைவிடுவது பதிவில். ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்தாக வேண்டும். மூன்று ஆண்டுக் குத்தகையை முத்திரைத்தாளில் எழுதிக் கோப்பில் வைத்துக்கொண்டால், நீதிமன்றத்தில் அது மாத வாடகை உறவாகத்தான் பார்க்கப்படும். அதில் எழுதிய மற்ற நிபந்தனைகளை நிலைநாட்டுவது கடினமாகிவிடும். வைப்புத்தொகை 12 மாத வாடகைக்குக் குறையக் கூடாது என்பது என் கருத்து. ஏனென்றால் வெளியேற்றும் நடவடிக்கை தொடங்கி முடிய அதற்கு மேலும் ஆகும்.

குத்தகை முடிந்த பிறகு நடக்கும் ஒரு பிழையை மட்டும் தனியாகச் சொல்கிறேன். காலம் முடிந்துவிட்டது, கடைக்காரர் காலி செய்யவில்லை, வழக்கம்போல ஐந்தாம் தேதி பணம் கட்ட வருகிறார். வருவாய் உதவியாளர் ‘வாடகை’ என்று ரசீது போடுகிறார். அந்த ஒரு சொல் போதும், குத்தகையை நகராட்சியே ஏற்றுத் தொடர்ந்தது என்று வாதாட. பணத்தை மறுக்க வேண்டியதில்லை. ‘உரிமையற்ற அனுபவத்துக்கான இழப்பீடு, உரிமைகளைப் பாதிக்காமல் பெறப்பட்டது’ என்று ரசீது போட்டு, கையோடு நோட்டீஸும் கொடுக்க வேண்டும். அதன் பிறகு, பொது இடங்களில் உரிமையற்றவர்களை வெளியேற்றும் 1975ஆம் ஆண்டுத் தமிழ்நாடு சட்டத்தின் வழியில் நோட்டீஸ், விசாரணை, காரணம் சொல்லும் உத்தரவு என்று போகலாம். விசாரணையைத் தாண்டிக் குதித்துவிட்டு நேரே பூட்டுப் போடும் ஆணையர், அடுத்த வாரமே தமக்கு எதிரான நீதிமன்றத் தடை உத்தரவைச் சந்திப்பார்.

வாடகை நிலுவைக்கும் காலக்கெடு உண்டு. நிலுவையை வசூலிக்க வழக்குத் தொடரும் காலம் 3 ஆண்டு. கேட்பு, வசூல், நிலுவைப் பட்டியலில் ஆண்டுதோறும் முன்னே தள்ளப்படும் பழைய நிலுவையில் ஒரு பகுதி, சட்டப்படி ஏற்கெனவே செத்துப்போன பணம்.

வாகன நிறுத்துமிடம், கட்டணக் கழிப்பிடம், சந்தைச் சுங்கம் போன்றவற்றில் இடத்தை ஒப்படைப்பதில்லை, வசூலிக்கும் உரிமத்தை மட்டும்தான் கொடுக்கிறார்கள். பொதுவாக ஏப்ரல் முதல் மார்ச் வரை ஓராண்டுக்கு விடுவார்கள். ஜனவரியிலேயே ஏல அறிவிப்பு வராவிட்டால், ஏப்ரலில் பழைய ஏலதாரரே பழைய தொகையில் தொடர்வார். ஏலம் போகாவிட்டால் நகராட்சிப் பணியாளர்களே வசூலிக்கலாம். அந்த மாதங்களின் அன்றாட வசூல் கணக்கு அடுத்த ஆண்டுக் குறைந்தபட்சத் தொகைக்கு மிகச் சிறந்த ஆதாரம். ஆச்சரியம், அதை யாரும் எடுத்துப் பார்ப்பதில்லை.

நகராட்சி தன் சொத்தை நினைத்தபடியெல்லாம் பயன்படுத்த முடியாது என்பதற்கு லக்னோ வழக்கு போதும். அமீனாபாத் பகுதிப் பூங்காவுக்கு அடியில் வணிக வளாகம் கட்ட அந்த மாநகராட்சி ஒப்பந்தப்புள்ளி கோராமலே ஒரு கட்டுமான நிறுவனத்தோடு ஒப்பந்தம் போட்டது. 1999இல் உச்ச நீதிமன்றம் அந்தக் கட்டுமானத்தை இடித்து, பூங்காவைப் பழையபடி மீட்டுத்தரச் சொன்னது. பூங்காவைப் பூங்காவாக வைத்திருப்பது அந்த அமைப்பின் கடமை, அதை ஒப்பந்தத்தால் கைகழுவ முடியாது என்பதே தீர்ப்பின் சாரம். அதேபோல, காசில்லை என்ற பதிலும் செல்லாது. கழிவுநீர் வடிகால் போட நிதி இல்லை என்ற ரத்லம் நகராட்சியின் வாதத்தை 1980இலேயே உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை.

நடைபாதை வியாபாரிகள் விஷயத்தில் அதிகாரத்துக்கு வேறொரு எல்லை இருக்கிறது. 2014ஆம் ஆண்டுச் சட்டப்படி நகர விற்பனைக் குழு அமைத்துக் கணக்கெடுப்பு முடியும் வரை யாரையும் அப்புறப்படுத்தக் கூடாது. அந்தக் குழுவில் குறைந்தது 40 சதவீதம் வியாபாரிகள் இருக்க வேண்டும். இடம் மாற்றுவதென்றால் 30 நாள் நோட்டீஸ் தர வேண்டும். காலையில் பொக்லைன் கொண்டுவந்து தள்ளுவண்டிகளை நசுக்குவது சொத்துப் பாதுகாப்பு ஆகாது. நிரந்தரக் கடைக்காரர் நடைபாதையில் பத்தடி இழுத்துப் போட்டிருக்கும் தகரக்கூரையை விட்டுவிட்டு அதைச் செய்வது இன்னும் மோசம்.

கேட்டுக்கொண்டிருக்கும் நீங்கள் என்ன செய்யலாம்? தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, உங்கள் நகராட்சியின் பொதுத் தகவல் அலுவலருக்கு எழுதுங்கள். ‘கடைகள் பற்றிய விவரம் தருக’ என்று பொத்தாம்பொதுவாகக் கேட்டால் பதிலும் அப்படித்தான் வரும். குறிப்பிட்ட வணிக வளாகத்தின் கடை எண் வாரியாகக் குத்தகைதாரர் பெயர், குத்தகை தொடங்கிய தேதி, முடியும் தேதி, மாத வாடகை, நிலுவை ஆகியவற்றைக் கேளுங்கள். உங்கள் மனைப்பிரிவின் அனுமதி எண்ணைக் குறிப்பிட்டு, திறந்தவெளி நிலத்தின் தானப்பத்திர நகலையும் இப்போதைய டி.எஸ். எண்ணையும் கேளுங்கள். 30 நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டால் மேல்முறையீட்டுக்கு இன்னொரு 30 நாள் உண்டு. நகல் வேண்டாம், பதிவேட்டை நேரில் பார்க்க வேண்டும் என்றும் கேட்கலாம். முதல் ஒரு மணி நேரத்துக்குக் கட்டணம் கிடையாது. போகும்போது மனைப்பிரிவு வரைபடத்தின் நகலையும் ஓர் அளவு நாடாவையும் எடுத்துச் செல்லுங்கள். திரும்பும் வழியில் அந்த இடத்தை அளந்துவிட்டே வரலாம். வணக்கம்.