காற்று அடிக்கும் இரவில் பேசப்போவது யார்?

(திருகோணமலையில் பொதுமக்கள் கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

பெரியோர்களே, தாய்மாரே, தம்பி தங்கைமாரே, வணக்கம். அஸ்ஸலாமு அலைக்கும்.

2004 டிசம்பர் 26ஐ இந்த மண்டபத்தில் யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். சுமாத்திராவுக்கு அப்பால் கடலடி அதிர்ந்தபோது நம் நேரம் காலை ஏழுக்குச் சற்று முன். அலை நம் கரைக்கு வர ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் எடுத்தது. நிலாவெளிக் கரையில் நின்ற ஒரு சின்னப் பிள்ளை நடந்தே தப்பியிருக்கக்கூடிய நேரம் அது. இந்து சமுத்திரத்தில் அப்போது சுனாமி எச்சரிக்கை முறை இருக்கவில்லை. ஆனால் அன்று ஞாயிற்றுக்கிழமை, பௌர்ணமி விடுமுறையான போயா தினமும் கூட. யாராவது எச்சரித்திருந்தாலும், அதை வாங்கி அந்த நிமிடமே நாலு பேருக்குச் சொல்ல எத்தனை ஒலிபரப்பு நிலையங்களில் ஆள் இருந்திருப்பார்கள்? இந்தக் கேள்வி என்னை இன்னும் விடவில்லை.

அதற்குப் பிறகு 2005இல் அனர்த்த முகாமைத்துவச் சட்டம் வந்தது, அனர்த்த முகாமைத்துவ நிலையம் வந்தது, 117 என்ற தொலைபேசி இலக்கம் வந்தது. எல்லாம் நல்லதுதான். ஆனாலும் கொழும்பிலிருந்து புறப்பட்ட எச்சரிக்கை ஈச்சிலம்பற்றில் ஒரு வீட்டு அடுப்படிவரை போய்ச் சேர வேண்டும். கையில் போன் இருக்கிறதே என்பீர்கள். கரண்ட் போய்ச் சில மணி நேரத்தில் போன் கோபுரத்தின் பற்றரி இறங்கிவிடும். அப்புறம் மிஞ்சுவது வானொலிதான். யுத்த காலத்தில் வடக்கில் பற்றரி கிடைக்காமல், சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, டைனமோவைச் சுற்றிச் செய்தி கேட்டவர்கள் நம் சனம். கேட்பவர்கள் எப்படியும் கேட்பார்கள். பேச வேண்டியவர்கள் நின்றுவிடுவதுதான் என் கவலை.

நான் கண்ணால் கண்டதைச் சொல்கிறேன். 2020 டிசம்பர் 2 இரவு புரெவிச் சூறாவளி நமது மாவட்டத்தை ஒட்டிக் கரை ஏறியது. ஒரு சிறிய வானொலி நிலையத்தில் அன்று எனக்கு இரவுப் பணி. மின்சாரம் போனதும் ஜெனரேட்டர் தானாக உறுமிக்கொண்டு எழும்பியது. எல்லோருக்கும் நிம்மதி. ஆனால் தொட்டியில் இருந்தது கால்வாசி டீசல். மிச்சம் பின்புறக் களஞ்சிய அறையில், பீப்பாவில், பூட்டுக்குள். சாவி களஞ்சியப் பொறுப்பாளரிடம், அவர் கிண்ணியாவில். அந்தக் காற்றில் பாலத்தைத் தாண்டி வாருங்கள் என்று அவரை எந்த வாயால் கூப்பிடுவது? கொஞ்ச நேரத்தில் ஜெனரேட்டர் இருமி இருமி நின்றது. ஒரு தம்பி அலவாங்கால் பூட்டை நெம்பினான். டோர்ச் வெளிச்சத்தில் டீசலை வாளியில் அள்ளி, சாரத் துணியால் வடித்து ஊற்றினோம். எரிபொருள் குழாயில் காற்றுப் புகுந்திருந்ததால் கைப் பம்பை அடித்து அடித்து அதை வெளியேற்ற வேண்டியிருந்தது. என் குரல் மறுபடி வானில் போனபோது நாற்பது நிமிடம் கழிந்திருந்தது.

புரெவி பயந்த அளவுக்குச் சேதம் செய்யாமல் போனது கடவுள் புண்ணியம். மறுநாள் திருக்கடலூரில் ஒரு மீனவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். “நீங்கள் நின்றதும், உங்களையே காற்று கொண்டுபோய்விட்டது என்று நினைத்தோம் அண்ணை. பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு இருட்டிலே வெளிக்கிட்டுவிட்டோம்” என்றார். தகரம் பறக்கிற நேரத்தில் பிள்ளைகளோடு தெருவில்! நிலையம் நின்றால் சனம் சும்மா இருக்காது, அந்த அமைதிக்குத் தாங்களே ஒரு அர்த்தம் எடுக்கும் என்பதை அன்றைக்குத்தான் விளங்கிக்கொண்டேன்.

பெரிய நாடுகளும் அடிபட்டுத்தான் படித்தன. 2001 செப்டம்பர் 11 வரை நியூயோர்க்கின் முக்கிய தொலைக்காட்சி நிலையங்கள் உலக வர்த்தக மையத்தின் வடக்குக் கோபுர உச்சியிலிருந்து ஒளிபரப்பின. கோபுரம் சரிந்தபோது அங்கே பணியிலிருந்த ஆறு பொறியியலாளர்கள் இறந்தார்கள். நிலையங்கள் ஒவ்வொன்றாக மறைந்தன. எம்பயர் ஸ்டேட் கட்டடத்தில் மாற்றுக் கருவி வைத்திருந்த சிபிஎஸ் நிலையம் தொடர்ந்து தெரிந்தது. மறுவருடமே, ஊடகங்கள் அனர்த்தத்தில் நின்றுவிடாதிருக்க என்றே அந்நாட்டுத் தொடர்பாடல் ஆணைக்குழு ஒரு ஆலோசனைச் சபையை அமைத்தது. 2005இல் கத்ரீனா புயல் நியூ ஓர்லியன்ஸை மூழ்கடித்தபோது, விளம்பரத்துக்காக நாள்தோறும் மோதிக்கொண்ட வானொலி நிறுவனங்கள் ஒரே ஒலிபரப்பாகச் சேர்ந்து பேசின. நம் நிலையங்களும் கோபுரத்தையும் அறிவிப்பாளரையும் டீசலையும் பகிர்வதாக இப்போதே எழுத்தில் உடன்பட்டால் என்ன?

சரி, கருவி ஓடுகிறது. எதைச் சொல்வது? மழை பெய்வது மலைநாட்டில், வெள்ளம் வருவது நமக்கு. மேலே மன்னம்பிட்டியில் மகாவலி ஆறு ஏறுகிறது என்றால் வெருகலுக்கும் மூதூருக்கும் நேரம் குறைகிறது என்று அர்த்தம். 2025 நவம்பர் கடைசியில் டித்வாச் சூறாவளிக்குப் பிறகு அதைத்தானே அனுபவித்தோம். “நீர்மட்டம் இத்தனை மீற்றர்” என்று வாசித்தால் ஆற்றோரத்தில் இருக்கும் ஒரு அம்மாவுக்கு என்ன விளங்கும்? எந்தத் தெருவை எத்தனை மணிக்குள் விட வேண்டும், எந்தப் பள்ளிக்கூடம் திறந்திருக்கிறது, எந்தப் பாலத்தால் போகக் கூடாது என்று ஊர்ப் பெயர் சொல்லிச் சொல்ல வேண்டும். அதுவும் தமிழில், உடனே. வேறு மொழியில் வந்த அறிவித்தலை நள்ளிரவில் தனி ஆளாக உட்கார்ந்து மொழிபெயர்த்திருக்கிறேன். ஒரு சொல் பிழைத்தால் ஒரு கிராமமே பிழையான பக்கம் ஓடும் என்ற பயத்தில் கை நடுங்கும். ஜப்பானின் கோபேயில் 1995 நிலநடுக்கத்துக்குப் பிறகு, அங்கே வாழ்ந்த கொரியர்களுக்கும் வியட்நாமியருக்கும் அவரவர் மொழியிலேயே சின்ன வானொலிகள் தொடங்கினார்கள். நாம் இந்த மண்ணின் ஆட்கள். அறிவித்தல் வாசகங்களை மூன்று மொழியிலும் முன்கூட்டியே எழுதி, இடப்பெயருக்கும் நேரத்துக்கும் மட்டும் வெற்றிடம் விட்டு, கடதாசியில் அச்சடித்து மைக் மேசையில் வைத்துக்கொள்ளலாம். கணினிக்குள் மட்டும் வைத்தால் கரண்டோடு அதுவும் போய்விடும்.

அறிவிப்பாளரின் குடும்பத்தையும் மறக்காதீர்கள். தன் பிள்ளைகள் எங்கே என்று தெரியாத மனிதரால் பிறர் பிள்ளைகளுக்கு வழி சொல்ல முடியாது. அந்தக் குடும்பங்களை முதலில் பாதுகாப்பான இடத்தில் சேர்ப்பதும் திட்டத்தில் இருக்க வேண்டும்.

இனி என் வேண்டுகோள். வாடைக்காற்று தொடங்க முன், ஐப்பசியில் ஓர் இரவு, நிலையங்களில் பிரதான மின்சாரத்தை நாமே நிறுத்திவிட்டு விடியும்வரை ஜெனரேட்டரிலும் மாற்றுக் கோபுரத்திலும் ஓட்டிப் பார்ப்போம். பூட்டுக்கு மூன்று சாவி செய்து மூன்று பேரிடம் கொடுத்த பிறகு. அந்த இரவில் நீங்கள் பற்றரி றேடியோவை எடுத்து, குச்சவெளியிலும் தம்பலகாமத்திலும் சம்பூரிலும் உங்கள் வீட்டு முற்றத்தில் வைத்துக் கேளுங்கள். எங்கே கேட்கவில்லையோ அந்த ஊர்ப் பெயர்தான் எங்களுக்கு வேண்டும். வாசலில் ஒரு கொப்பி வைத்திருக்கிறோம். கேட்டுப் பார்த்துச் சொல்லத் தயாராக இருப்பவர்கள், போகும்போது உங்கள் ஊர்ப் பெயரை அதில் எழுதிவிட்டுப் போங்கள்.