தோடி எண்டா எந்தத் தோடி? ரவிசங்கரின்ர சுயசரிதையை கீபோர்ட்டோட வாசிப்பம்

வணக்கம் எல்லாருக்கும், கிளிநொச்சியில இருந்து. ஃபானை நிப்பாட்டிப்போட்டன், இல்லாட்டி கீபோர்ட் சத்தம் உங்களுக்கு வடிவாக் கேக்காது.

இண்டைக்கு சித்தார் வித்துவான் பண்டிட் ரவிசங்கரின்ர சுயசரிதை. அவர் தன்ர கதையை ரெண்டு தரம் சொன்னவர். 1968 இல ‘மை மியூசிக், மை லைஃப்’, பிறகு 1997 இல ‘ராக மாலா’. சங்கீதம் படிக்கிற ஆக்கள் 1968 புத்தகத்தை முதல் எடுங்கோ, சித்தார் பழகுற பாடமும் அதுக்குள்ள இருக்கு. கனபேர் பீட்டில்ஸ் ஜோர்ஜ் ஹாரிசன் வாற பக்கத்தைத்தான் தேடுவினம். என்னைக் கேட்டா மைஹர் (அவற்ற குருவின்ர ஊர்) காலத்தை வாசியுங்கோ. 1938 இல, 18 வயசில, அண்ணர் உதய் சங்கரின்ர நடனக் குழுவோட ஊர் ஊராத் திரிஞ்ச வாழ்க்கையை விட்டுப்போட்டு உஸ்தாத் அலாவுதீன் கானிட்டப் போய், கிட்டத்தட்ட ஏழு வருசம் படிச்சவர்.

சங்கீத சபைச் சோதினைக்குப் படிக்கிற பிள்ளையள் இப்பிடியான புத்தகத்தில தடுக்கி விழுறது ராகப் பேரிலதான். ‘காலமை தோடி’ எண்டு கண்டவுடன, திருவிழாவில ராத்திரி நாதஸ்வரக்காரர் இழுத்து வாசிக்கிற தோடிதான் ஞாபகம் வரும். அது எங்கட கர்நாடக சங்கீதத் தோடி, புத்தகத்தில வாறது வடக்கத்தி ஹிந்துஸ்தானித் தோடி. அது வேற, இது வேற.

இஞ்ச பாருங்கோ. ஒரு கட்டை, சி தான் ச. எங்கட தோடி: ச வெள்ளை, ரி, க ரெண்டும் கறுப்பு, ம, ப ரெண்டும் வெள்ளை, த, நி ரெண்டும் கறுப்பு. இப்ப ம வை பக்கத்துக் கறுப்புக்கு ஏத்துங்கோ, நி யை மேல இருக்கிற வெள்ளைக்கு ஏத்துங்கோ. மற்றதெல்லாம் அப்பிடியே இருக்கட்டும். வாசியுங்கோ... என்ன கேக்குது? சுபபந்துவராளி! அதுதான் அவையின்ர தோடி. அப்ப எங்கட தோடியின்ர சுரத்துக்கு அவை என்ன பேர் சொல்லுகினம்? பைரவி. எங்கட பைரவி அதுவுமில்லை. ஹிந்தோல் எண்டு வந்தாலும் கவனம், எங்கட ஹிந்தோளத்துக்கு அங்க பேர் மால்கௌன்ஸ். கீரவாணி, சாருகேசிக்குப் பயப்பிட வேண்டாம், அதுகள் எங்கட பக்கத்தில இருந்தே போனதுகள். அங்க பரப்பினதில ரவிசங்கருக்குப் பெரிய பங்கு.

வீணை படிக்கிற ஆக்களுக்கு இன்னொரு சிக்கல். ராகம் வாசிக்கத் தொடங்க முன்னம் மெட்டுகளை (தந்தியை அழுத்திற இடத்தில இருக்கிற கம்பியள்) நகர்த்திறது எண்டு வரும். வீணையில 24 மெட்டும் மெழுகில பதிச்சது. எங்கட வன்னி வெயிலில மெழுகு இளகி மெட்டு தானா அசைஞ்சாலே சுருதி போச்சு, அதை ஆர் வேணுமெண்டு நகர்த்துவினம்? சித்தாரில இருபது மெட்டளவில, எல்லாம் நூலால கட்டினது, தள்ளலாம். மெட்டுக்குக் கீழ 11 இல இருந்து 13 தந்தி வேற ஓடுது. அதுகளை விரல் அழுத்திறேல்ல, மேல் தந்தி பேச தானா அதிரும். ஒவ்வொரு ராகத்துக்கும் அதுகளையும் கூட்டோணும், நேரம் எடுக்கும். 1971 ஓகஸ்ட் 1, நியூயோர்க்கில பங்களாதேசுக்காக வைச்ச கச்சேரியில சுருதி கூட்டி முடியவே சனம் கைதட்டினது இதாலதான். வாசிப்பு எண்டு நினைச்சிட்டினம்!

கடைசியா தாளம். தீன்தால் 16 மாத்திரை. எங்கட ரெண்டு களை ஆதி தாளம் (ஒவ்வொரு எண்ணிக்கைக்கும் ரெண்டு மாத்திரை) மாதிரித்தானே எண்டு போட்டா 9 இல பிழைக்கும். ஆதியில 9 இல துருதம் (ஒரு தட்டும் ஒரு வீச்சும் சேர்ந்த பகுதி) தொடங்குது, தட்டு. தீன்தாலில 1, 5, 13 தட்டு, 9 வீச்சு, அதை ‘காலி’ எண்டுவினம். ஃபோனில மெட்ரோனோமை 60 இல வைச்சு 16 எண்ணிப் பாருங்கோ. பழக்கத்தில 9 இல கை தட்டப் போகும். அந்த இடத்தில மறிச்சு வீசுங்கோ.