பெரியவர்களுக்கும் விடுமுறை உண்டு

நேயர்களுக்கு வணக்கம்.

டிசம்பர் பிறந்தால் போதும், பெரியவர்கள் நாலு பேர் கூடுகிற இடத்தில் ஒருவராவது இதைச் சொல்லிவிடுவார்: "சின்ன வயசில் விடுமுறை என்றால் இருந்த அந்தக் குஷி இப்போ எங்கே?" உடனே மற்ற மூவரும் தலையாட்டுவார்கள். வயதாகிவிட்டது, மனசு மரத்துப்போய்விட்டது என்று அதற்குக் காரணமும் சொல்லிக்கொள்வோம். எனக்கு அதில் உடன்பாடு இல்லை.

சிறுவயதில் விடுமுறை தானாக நடந்தது. காலையில் கண்விழித்தால் வீடு பளிச்சென்று இருக்கும். ஊருக்குக் கிளம்புவதென்றால் பெட்டி தயாராக இருக்கும். உறவுக்காரர்கள் வந்து இறங்குவார்கள். இதற்காக முந்தின இரவு யாரோ தூங்கவில்லை என்பது நமக்குத் தெரியவே தெரியாது. அன்றைக்கு முன்வரிசையில் உட்கார்ந்து நாடகம் பார்த்தவர்கள், இன்றைக்குத் திரைக்குப் பின்னால் கயிறு இழுத்துக்கொண்டிருக்கிறோம். அங்கே நின்றுகொண்டு நாடகம் ரசிக்கவில்லையே என்றால் எப்படி?

அந்த வேலை எப்படிப்பட்டது என்று பாருங்கள். இரவு பதினொரு மணி. எல்லோரும் படுத்தாயிற்று. ஒருவர் மட்டும் தரையில் உட்கார்ந்து பரிசுப் பொட்டலம் கட்டிக்கொண்டிருக்கிறார். டேப்பின் நுனி எங்கே ஒட்டிக்கொண்டது என்று நகத்தால் சுரண்டித் தேடுகிறார். கை அதைச் செய்யும்போதே மனசுக்குள் வேறொரு கணக்கு ஓடுகிறது: யாருக்கு எந்த அளவு, யாருக்கு எது ஒத்துக்கொள்ளாது, யாரும் யாரும் போன வருஷத்திலிருந்து பேசிக்கொள்வதில்லை, அவர்களை எங்கே உட்காரவைப்பது. கைவேலை எப்படியோ முடிந்துவிடும். மண்டைக்குள் இருக்கும் இந்தப் பட்டியல்தான் ஆளைத் தின்கிறது. பெரும்பாலான வீடுகளில் அது ஒரு பெண்ணின் தலைக்குள் இருக்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

"நான் ஏதாவது செய்யட்டுமா?" என்று கேட்பவர்கள் நல்ல மனசோடுதான் கேட்கிறார்கள். ஆனால் வேலையைப் பிரித்து, விளக்கி, செய்தாயிற்றா என்று நினைவூட்டுவதும் சேர்ந்து பட்டியல்காரர் தலையிலேயே விழுகிறது. அதனால் ஒரு பொறுப்பை முழுசாக எடுத்துக்கொள்ளுங்கள். பயணம் என்றால் டிக்கெட் எடுப்பதிலிருந்து, வண்டி வராவிட்டால் என்ன செய்வது என்பது வரைக்கும் உங்களுடையது. பொறுப்பைக் கொடுப்பவர்களுக்கும் ஒரு நிபந்தனை உண்டு. கொடுத்த பிறகு அது உங்கள் வேலை இல்லை. பொட்டலம் கோணலாக இருந்தால் கோணலாகவே இருக்கட்டும்.

அப்புறம், எதை விடலாம் என்று பார்க்க வேண்டும். வீட்டில் ஒவ்வொருவரிடமும் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: எது இல்லாவிட்டால் உனக்கு இது விடுமுறை மாதிரியே இருக்காது? பெரிய விஷயம் எதையும் சொல்ல மாட்டார்கள். காலையில் யாரும் எழுப்பாமல் இருப்பது, எல்லோரும் சேர்ந்து ஒரு படம் பார்ப்பது, இப்படித்தான் ஏதாவது வரும். யார் வாயிலும் வராத சடங்கு ஒன்றை இந்த வருஷம் விட்டுப்பாருங்கள். ஒருவரும் கவனிக்காமல் போக நிறைய வாய்ப்பு இருக்கிறது.

மிச்சப்பட்ட நேரத்தை உடனே மணிவாரியாக நிரப்பிவிடாதீர்கள். 2016-இல் கேப்ரியேலா டோனியெட்டோ, செலின் மல்கோச் என்ற இரண்டு ஆய்வாளர்கள் இதைப் பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். தேர்வு நேரத்தில் மாணவர்களுக்கு இலவசமாகக் காபியும் பிஸ்கட்டும் கொடுத்தார்கள். ஒரு பகுதியினர் இத்தனை மணிக்கு வருகிறேன் என்று முன்கூட்டியே நேரம் குறித்துக்கொள்ள வேண்டும். மற்றவர்கள் இரண்டு மணி நேரத்துக்குள் எப்போது வேண்டுமானாலும் வரலாம். அதே காபிதான். ஆனால் நேரம் குறித்து வந்தவர்களுக்கு அதில் இன்பம் குறைந்திருந்தது. கடிகாரத்தோடு கட்டிப்போட்டால் பொழுதுபோக்கும் வேலை மாதிரி ஆகிவிடுகிறது என்பது அவர்கள் கண்டது. "மத்தியானத்துக்கு மேல் பார்க்கலாம்" என்று நண்பரிடம் சொல்லிவைப்பதே போதும்.

வெளிச்சத்தையும் மறந்துவிடக் கூடாது. பூமியின் வடபாதியில் டிசம்பர் 21 அல்லது 22-தான் வருஷத்திலேயே மிகக் குறுகிய பகல். பகல் மிகவும் குறுகிப்போகும் நாடுகளில் இந்தக் காலத்தில் சிலருக்கு மனச்சோர்வே வந்துவிடும். 1984-இல் நார்மன் ரோசன்தால் என்ற மருத்துவர் தலைமையிலான குழு இதை விவரித்து, பெயரும் கொடுத்தது. நமக்கு அந்த அளவுக்கு இல்லாவிட்டாலும், காலையில் அரை மணி நேரம் வெளியே நடந்துவிட்டு வாருங்கள். மேகமூட்டமான பகலில்கூட வெளியில் கிடைக்கும் வெளிச்சம் வீட்டு விளக்கைவிடப் பல மடங்கு அதிகம். வாரக்கணக்கில் தூக்கமும் பசியும் மாறி, எதிலும் நாட்டம் இல்லாமல் போனால் மருத்துவரைப் பாருங்கள். அதை 'குஷி போய்விட்டது' கணக்கில் சேர்க்காதீர்கள்.

இந்த வருஷம் வீட்டில் ஒருவர் இல்லாமல் போயிருக்கலாம். அப்படிப்பட்ட வீட்டில் அந்தப் பெயரை எடுக்கவே எல்லோரும் பயப்படுவார்கள். எடுங்கள். அவர் சொன்ன மொக்கை ஜோக்கைச் சொல்லுங்கள். அழுகை வந்தால் வரட்டும். அழுத பத்தாவது நிமிஷத்தில் சிரிப்பு வந்தால் அதுவும் தப்பில்லை.

சின்ன வயதுக் குஷியைப் பற்றி இவ்வளவு பேசுகிறோமே, அந்த வயதில் நம்மிடம் என்ன அதிகாரம் இருந்தது? விருந்தாளி வந்தால் "பாப்பா, ஒரு பாட்டுப் பாடு" என்று நிறுத்திவைப்பார்கள். பிடிக்காத மாமா வீட்டுக்கும் இழுத்துப்போவார்கள். பேச்சு சூடுபிடிக்கும் நேரம் பார்த்துத் தூங்கப் போகச் சொல்வார்கள். இன்றைக்கு நாம் வர முடியாது என்று சொல்லலாம். சீக்கிரம் கிளம்பலாம். பண்டிகை நாளில் பணியில் இருக்கும் செவிலியர், ஓட்டுநர், காவலர் வீட்டில் கொண்டாட்டத்தையே 28-ஆம் தேதிக்குத் தள்ளிவைக்கலாம். குழந்தையால் காலண்டரை நகர்த்த முடியாது, நம்மால் முடியும். இந்த வசதியை நாம் பயன்படுத்துவதே இல்லை என்பதுதான் என் வருத்தம்.

கடைசியாக ஒன்று. நெதர்லாந்தில் 1,500-க்கும் மேற்பட்டவர்களைக் கொண்டு நடத்திய ஓர் ஆய்வு 2010-இல் வெளியானது. விடுமுறைக்குப் பயணம் போகிறவர்கள், போகாதவர்களைவிட மகிழ்ச்சியாக இருந்தது போவதற்கு முன்னால்தான். திரும்பி வந்த பிறகு பெரும்பாலானவர்களிடம் வித்தியாசமே இல்லை. மிகவும் நிம்மதியாகக் கழித்தோம் என்று சொன்னவர்களிடம் மட்டும் அந்த மகிழ்ச்சி கொஞ்ச காலம் தங்கியிருந்தது. ஆகவே எதிர்பார்ப்பை இப்போதே தொடங்கிவிடுங்கள், அதற்குச் செலவில்லை. அப்புறம், வேலைக்குத் திரும்பும் நாளுக்கு முந்தின நாளில் எதையும் வைத்துக்கொள்ளாதீர்கள். யாராவது கூப்பிட்டால் அன்றைக்கு வேலை இருக்கிறது என்று சொல்லிவிடலாம். பொய்யில்லை. தூங்க வேண்டியிருக்கிறதே.

நன்றி, வணக்கம்.