லாபத்தில் மட்டும் பங்கா?

(பாலக்காடு மாவட்டம் புதுநகரத்தில் இளம் வியாபாரிகளிடையே ஆற்றிய உரை)

அஸ்ஸலாமு அலைக்கும். தம்பிமார்களே, வட்டி ஹராம் என்று புதுநகரத்துப் பிள்ளைகளுக்கு நான் வந்து சொல்ல வேண்டியதில்லை. ‘அல்லாஹ் வியாபாரத்தை ஹலாலாக்கி, வட்டியை ஹராமாக்கியிருக்கிறான்’ என்பது மதரசாவிலேயே மனப்பாடம். என் கவலை, அதே வட்டி லாபம் என்ற பெயரில் நம் கடைக்குள் வருவதுதான்.

பிரியாணிக் கடை போட மாமாவிடம் 2 லட்சம் கேட்கிறான் ஒரு பையன். ‘வட்டியெல்லாம் வேண்டாம்ப்பா, மாசம் 4,000 லாபமாக் கொடுத்துடு’ என்கிறார் மாமா. கடை ஓடினாலும் 4,000, ஷட்டர் இறங்கிக் கிடந்தாலும் 4,000. கணக்குப் போடுங்கள், வருஷத்துக்கு 24 சதவீதம். இது வட்டியேதான்.

இதற்கு மாற்றாக மார்க்கம் அனுமதிக்கும் முளாரபா என்ற கூட்டு வியாபாரத்தில் ஒருவர் முதல் போடுகிறார், மற்றவர் உழைக்கிறார். வருகிற லாபம் பாதிக்குப் பாதியோ மூன்றில் ஒன்றோ, முன்பே பேசிய விகிதப்படி பிரியும். மாதம் இத்தனை ரூபாய் என்று தொகை குறித்தால் ஒப்பந்தமே செல்லாது. நஷ்டம் வந்தால்? முதல் போட்டவருக்குப் பணம் போகும், உழைத்தவனுக்கு உழைப்பு போகும். அவன் மோசடியோ அஜாக்கிரதையோ செய்திருந்தால் ஒழிய, முதலைத் திருப்பிக் கேட்க வழியில்லை. மாமாக்களுக்கு இது கசக்கும். கசந்தாலும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

முதலமடையில் மாந்தோப்பு எடுக்கிற தம்பிகளும் இங்கே இருக்கிறீர்கள். பூவைப் பார்த்தே மொத்தக் காய்க்கும் விலை பேசி அட்வான்ஸ் கொடுத்துவிடுகிறோம். பருவம் தப்பி ஒரு மழை, பூ கருகி உதிர்ந்துவிடும். தோப்புக்காரர் கையில் பணம், நம் கையில் கடன். கனி பக்குவப்படத் தொடங்குமுன் விற்பதை நபிகள் நாயகம் (ஸல்) தடுத்தார்கள். அல்லாஹ் அந்தக் கனியைத் தராமல் போனால், உன் சகோதரனின் பணத்தை எந்த நியாயத்தில் எடுப்பாய் என்று கேட்டார்கள். அரேபியாவின் கைபர் என்ற ஊர்த் தோட்டங்களை அங்கிருந்த யூதர்களிடமே பராமரிக்க விட்டு, விளைச்சலில் பாதி என்று பேசியதும் நபியவர்கள்தான். நீங்களும் தண்ணீர் பாய்ச்சிப் பராமரிக்கிற பொறுப்பை ஏற்று, விளைச்சலில் பங்கு பேசுங்கள். காய்த்தால் இருவருக்கும், காய்க்காவிட்டாலும் இருவருக்கும்.

பேசியதை எழுதுங்கள். குர்ஆனிலேயே நீளமான வசனம், அல்பகரா அத்தியாயத்தின் 282ஆவது, கடனைச் சாட்சி வைத்து எழுதுவதைப் பற்றியது. மச்சானுக்கும் மச்சானுக்கும் இடையில் பத்திரமா என்று கூச்சப்பட வேண்டாம்.

வாய்ப்பேச்சில் கடை தொடங்கியவர்கள் இரவு இஷா தொழுகைக்குப் பிறகு இங்கேயே இருங்கள். முதல் யாருடையது, லாப விகிதம் என்ன, நஷ்டம் யாருக்கு என்ற மூன்றையும் தமிழிலோ மலையாளத்திலோ எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டே வீட்டுக்குப் போகலாம்.