அந்த ஒரே ஒரு மிட்டாய்

நடுவர் அவர்களுக்கும், நியூ ஜெர்சியின் அக்டோபர் குளிரிலும் பிள்ளைகளோடு வந்து அமர்ந்திருக்கும் பெரியோர்களுக்கும் வணக்கம். ஹாலோவீன் நாளில் பிள்ளைகளின் மனத்தில் நிற்பது வீடு வீடாகச் சென்று மிட்டாய் வாங்குவதா, காட்டுவழி நடந்து கதை கேட்பதா என்பது தலைப்பு. காட்டுவழியே என்று சொல்ல வந்திருக்கிறேன்.

எனக்கு முன்னால் பேசிய சகோதரி, "நாங்கள் நாற்பது வீட்டுப் படியேறித் தலையணை உறை நிறைய மிட்டாய் கொண்டுவந்தோம், அந்த அணித் தலைவரோ பெற்ற மகளைக் காட்டுக்குள் கூட்டிக்கொண்டு போய் ஒரே ஒரு மிட்டாயோடு திரும்பி வந்தார்" என்று என்னைச் சொன்னார். இந்த அரங்கம் எழுப்பிய கைதட்டலை நானும் கேட்டேன். அவர் சொன்னது உண்மை. அக்கம்பக்கத்து வீடுகளோடு பிள்ளைகளுக்குப் பழக்கம் ஏற்படுகிறது என்று அவர் சொன்னதையும் நான் மறுக்கவில்லை. ஆனால் அந்த ஒரே ஒரு மிட்டாயைப் பற்றிப் பேசாமல் நான் இந்த மேடையை விட்டு இறங்க முடியாது.

சென்ற ஆண்டு, ஹாலோவீனுக்கு முந்தைய சனிக்கிழமை மாலை. நம் மாநிலத்தின் தெற்கே பைன் பேரன்ஸ் என்ற பெருங்காடு இருப்பதை அறிவீர்கள். ஏறத்தாழ 11 லட்சம் ஏக்கர் நிலத்தை 1978-ஆம் ஆண்டு நாட்டின் முதல் தேசியக் காப்புநிலமாக அறிவித்தார்கள். அதன் ஓரத்துப் பூங்கா ஒன்றில் குடும்பங்களுக்கான இரவு நடை. வாசலில் மட்டும் செதுக்கிய பரங்கிக்காய் விளக்குகள் எரிந்தன. வழிகாட்டியாக வந்தவர் ஓய்வுபெற்ற ஆசிரியை. அயர்லாந்தில் சாத்தானை ஏமாற்றிய ஜாக் என்பவன், சொர்க்கத்திலும் நரகத்திலும் இடம் கிடைக்காமல், குடைந்த டர்னிப் கிழங்குக்குள் ஒரு தணலை வைத்துக்கொண்டு சதுப்பு நிலத்தில் அலைகிற கதையை அந்த விளக்கருகே நின்று சொன்னார். கடல் கடந்து வந்த அயர்லாந்து மக்களுக்கு இந்த மண்ணின் பரங்கிக்காய் குடைய எளிதாக இருந்ததால், கிழங்கின் இடத்தைக் காய் பிடித்துக்கொண்டது என்றார்.

அதன் பிறகு எல்லா விளக்குகளையும் கைப்பேசிகளையும் அணைக்கச் சொன்னார். கண் இருட்டுக்குப் பழகுவதற்கு 20, 30 நிமிடங்கள் ஆகுமாம். நடந்தோம். வழியில் ஓர் ஓடையிலிருந்து கண்ணாடிக் குவளையில் நீரை மொண்டு, தன் சிவப்புக் கைவிளக்கை மாற்றி ஒரே நொடி வெள்ளை வெளிச்சத்தில் காட்டினார். பால் விடாத தேநீரின் நிறம். மரப்பட்டையும் சருகும் ஊறிய சாறும், மண்ணிலுள்ள இரும்பும் சேர்ந்து அந்த நிறத்தைத் தருகின்றன.

பிறகு, அடர்ந்த மரங்களுக்குள், ஒவ்வொரு பிள்ளையின் கையிலும் நடுவே ஓட்டையுள்ள இரண்டு வெள்ளை மிட்டாய்களை வைத்தார். ஒன்றை வாயில் போட்டு, வாயைத் திறந்தபடியே கடைவாய்ப் பல்லால் கடிக்கச் சொன்னார். நடுவர் அவர்களே, என் மகளின் வாய்க்குள் மின்னல் வெட்டியது. நீல மின்னல். மறுபடியும் சொல்கிறேன், ஏனென்றால் அன்று அதைப் பார்த்த நானே நம்பவில்லை: கை நீட்டினால் கை தெரியாத இருட்டில், எட்டு வயதுப் பிள்ளையின் பற்களுக்கு நடுவே நீல ஒளி பளிச்சென்று வந்து மறைந்தது. பக்கத்தில் ஒரு மின்னல், எதிரே ஒரு மின்னல், சுற்றி நின்ற பதினைந்து பிள்ளைகளின் வாயிலும் மின்னல். சர்க்கரைப் படிகம் உடையும்போது மின்னூட்டம் பிரிந்து, காற்றிலுள்ள நைட்ரஜனைத் தூண்டிக் கண்ணுக்குத் தெரியாத புற ஊதாக் கதிரை எழுப்புகிறது. மிட்டாயில் மணத்துக்காகச் சேர்த்த வின்டர்கிரீன் என்ற செடியின் எண்ணெய் அந்தக் கதிரை வாங்கி நீல ஒளியாகத் தருகிறது. சகோதரியின் வீட்டுத் தலையணை உறைக்குள்ளும் இந்த மிட்டாய் இருந்திருக்கலாம். ஆனால் தெருவிளக்கின் கீழ் கடித்தால் அது வெறும் இனிப்பு. இருட்டு இருந்தால்தான் அது மின்னும். அந்த இருட்டைக் காடுதான் கொடுத்தது.

ஒன்றைக் கடித்தாள். மற்றொன்றைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டாள். சகோதரி கணக்கில் எடுத்துக்கொண்ட அந்த ஒரே ஒரு மிட்டாய் அதுதான்.

குளக்கரையில் எங்களை உட்காரவைத்து ஆசிரியை அந்தக் காட்டின் கதையைச் சொன்னார். 1735-ஆம் ஆண்டு, லீட்ஸ் என்ற குடும்பத்தில் பன்னிரண்டு பிள்ளைகளைப் பெற்று ஓய்ந்துபோன தாய், பதின்மூன்றாவதும் வருகிறது என்று அறிந்ததும், "இது சாத்தானாகவே பிறக்கட்டும்" என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டாளாம். பிறந்த பிள்ளைக்குக் குதிரை முகமும் வௌவால் இறக்கையும் குளம்பும் முளைக்க, அது புகைபோக்கி வழியே பறந்து பைன் மரங்களுக்குள் மறைந்ததாம். அதுதான் ஜெர்சி டெவில். 1909 ஜனவரியில் பனியில் குளம்படி கண்டதாகவும் அதையே நேரில் கண்டதாகவும் ஊர் ஊராகச் செய்தி பரவி, பள்ளிகளை மூடும் அளவுக்குப் பீதி ஏறியது.

கதையை முடித்து ஒரு நிமிடம் மௌனமாக இருக்கச் சொன்னார். அந்த மௌனத்தில் மரத்தின் மேலிருந்து குதிரை கனைப்பது போல நடுங்கி இறங்கிய ஒரு குரல் வந்தது. என் மகள் என் விரல்களை நொறுக்கிவிடுவது போலப் பிடித்தாள். ஆசிரியை சிவப்பு விளக்கை மெல்ல உயர்த்தினார். கிளையில் ஒரு சாண் உயரம்கூட இல்லாத ஆந்தை ஒன்று உட்கார்ந்து, எங்களைப் பார்க்கத் தலையை மட்டும் திருப்பியது. என் கையைப் பிடித்திருந்த பிடி தளர்ந்ததை நான் உணர்ந்தேன். பிள்ளைகளுக்குப் பயம் காட்டலாமா என்று எதிரணியில் கேட்டார்கள். அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு பயந்து, அந்தப் பயம் ஒரு சிறு பறவையாக மாறுவதைத் தன் கண்ணாலேயே பார்த்தவள் என் மகள்.

வீடு திரும்பும்போது காரில் அவள் கேட்டாள்: "அப்பா, அவனுக்குப் பன்னிரண்டு அண்ணன் அக்கா இருந்தார்களே, ஒருவர்கூட அவனைத் தேடிப் போகவில்லையா?" எனக்குப் பதில் தெரியவில்லை. அப்பாயியிடம் கேள் என்றேன். இங்கே இரவு ஒன்பது. மன்னார்குடிப் பக்கத்தில் விடிந்து, என் தாயார் வாசலில் கோலம் போட்டுக்கொண்டிருக்கும் நேரம். அப்பாயியோடு இரண்டு சொல்லுக்கு மேல் தமிழில் பேசத் தயங்குகிற பிள்ளை, அன்று முக்கால் மணிநேரம் பேசினாள். சொல் கிடைக்காத இடத்தில் கையை விரித்து இறக்கை காட்டினாள், குரலை நடுக்கி ஆந்தையாகக் கனைத்தாள். ஜாக்கின் கதையைக் கேட்டதும் என் தாயார், "இது நம்ம ஏரிக்கரைக் கொள்ளிவாய்ப் பிசாசுல்ல!" என்று சொல்லி, எனக்குச் சொன்ன அதே கதையை, முப்பது ஆண்டுகளுக்குப் பிறகு, என் மகளுக்குச் சொன்னார்.

அண்ணன் அக்கா கேள்விக்கு மட்டும் அவர் நேராகப் பதில் சொல்லவில்லை. சிறிது நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அந்தப் புள்ளைக்கு யாராச்சும் சோறு வச்சாங்களாடி?" என்று கேட்டார்.

அன்று இரவு, எங்கள் வாசற்படியில் இருந்த பரங்கிக்காய் விளக்கின் பக்கத்தில், சட்டைப்பையில் பத்திரமாகக் கொண்டுவந்த அந்த ஒரே ஒரு மிட்டாயை என் மகள் எடுத்து வைத்தாள். அந்தப் பதின்மூன்றாவது பிள்ளைக்கு.

நடுவர் அவர்களே, தீர்ப்பு உங்களுடையது. நன்றி, வணக்கம்.