மாஞ்சோலை மழையும் கூந்தன்குளத்து நாரையும்

வானொலி நேயர்களுக்கு வணக்கம்.

பறவை பார்க்க வேண்டும் என்று என்னிடம் வருகிறவர்கள் பெரும்பாலும் முதலில் கேட்பது, "மலைக்குப் போவோமா, குளத்துக்குப் போவோமா?" என்பதுதான். திருநெல்வேலிச் சீமையில் இருந்துகொண்டு அப்படிப் பிரித்துக் கேட்க வேண்டியதே இல்லை. மேற்கே மாஞ்சோலை மலையில் பெய்கிற மழைதான் மணிமுத்தாறாக இறங்குகிறது, அணையில் தேங்குகிறது, பிறகு கால்வாய் வழியாக ஓடி நாங்குநேரிப் பக்கத்துக் கூந்தன்குளத்தை நிரப்புகிறது. அந்தத் தண்ணீர் போகிற வழியிலேயே நாமும் போனால், மலையில் இருவாச்சியையும் பார்க்கலாம், குளத்தில் பூநாரையையும் பார்க்கலாம். நான் ஆட்களை அழைத்துப் போவது அந்த வழியில்தான். இன்று உங்களையும் அப்படியே கூட்டிப் போகிறேன்.

கிளம்புவதற்குத் தை, மாசி நல்ல மாதங்கள். அதற்குக் காரணம் உண்டு. 1958ல் கட்டப்பட்ட மணிமுத்தாறு அணைக்குப் பெரும்பாலும் வடகிழக்குப் பருவமழைதான் தண்ணீர் தருகிறது. ஐப்பசி, கார்த்திகையில் மழை பெய்து, அணை நிரம்பி, கால்வாய் திறந்து, குளம் பெருகி, குளத்தில் மீன் குஞ்சு பொரித்துப் பெருத்தால்தான் நாரை வந்து கூடு கட்டும். நாரைக்கு நாள்காட்டி மீன்தான். மழை தப்பினாலோ, கால்வாய் திறக்கப் பிந்தினாலோ, கூடும் பிந்தும். சில ஆண்டுகளில் கூடே இருக்காது.

கையில் ஒரு பைனாகுலர் இருந்தால் போதும். எட்டுக்கு நாற்பத்திரண்டு என்று எழுதியிருப்பதை வாங்குங்கள். எட்டு மடங்கு பெரிதாகக் காட்டும், முன்கண்ணாடி 42 மில்லிமீட்டர். பத்து மடங்கு வாங்கினால் பழகாத கை நடுங்குவதும் அதில் சேர்ந்து பெரிதாகத் தெரியும். சட்டை பச்சையோ பழுப்போ இருக்கட்டும். வாசனைத் திரவியம் வேண்டாம். அவ்வளவுதான்.

மணிமுத்தாறு சோதனைச் சாவடியில் வனத்துறை அனுமதியைக் காட்டிவிட்டு மலையேறினால், அடிவாரத்து முள்காடு கொஞ்ச நேரத்தில் முடிந்து மரங்கள் உயர ஆரம்பிக்கும். இது 1988ல் அறிவிக்கப்பட்ட களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகம். அருவிப் பக்கம் வண்டியை நிறுத்தினால், தண்ணீர் இரைச்சலுக்கு மேலே ஒரு சீட்டி ஒலி கேட்கும். புதிதாக வந்தவர்கள் யாரோ கூப்பிடுகிறார்கள் என்று திரும்பிப் பார்ப்பார்கள். பாறையில் கருநீலமாக உட்கார்ந்திருக்கும் சீகாரப் பூங்குருவிதான் அது. அந்தப் பாட்டைக் கேட்காமல் யாரையும் நான் மேலே ஏற விடுவதில்லை.

மழைக்காட்டில் பறவையைக் கண்ணால் தேடினால் கிடைக்காது. வழிகாட்டியின் வேலை அங்கே காட்டுவதைவிட நிறுத்துவதுதான். ஓர் இடத்தில் அசையாமல் நிற்க வைத்துவிட்டால் காது விழித்துக்கொள்ளும். துடுப்புவால் கரிச்சானின் குரல் கேட்டால் நான் கையைத் தூக்குவேன். பின்னாலேயே ஒரு கூட்டம் வரும் என்று அர்த்தம். மின்சிட்டு, பசையெடுப்பான், மரங்கொத்தி என்று இனம் இனமாகச் சேர்ந்து ஒரே கூட்டமாக இரை தேடி வரும். ஒன்று பட்டையைக் குடைய, ஒன்று இலையைக் கலைக்க, பறந்தோடும் பூச்சியைக் கரிச்சான் பிடிக்கும். ஆபத்து என்றால் முதலில் கத்துவதும் கரிச்சான்தான். ஐந்து நிமிடத்தில் எல்லாம் கடந்து போய்விடும், மறுபடி காடு வெறிச்சென்று இருக்கும். பொறுமை இழந்து முன்னே நடந்தவர்கள் இதைப் பார்த்திருக்க மாட்டார்கள்.

இருவாச்சியைப் பார்க்க வேண்டுமானால் பழுத்த அத்தி மரம் எங்கே இருக்கிறது என்று தெரிந்திருக்க வேண்டும். பெரிய இருவாச்சி வருவதற்கு முன்பே அதன் சிறகோசை வந்துவிடும். முட்டையிடும் காலத்தில் பெண் பறவை மரப்பொந்துக்குள் போய், ஒரு சின்னப் பிளவு மட்டும் விட்டு வாசலை அடைத்துக்கொள்ளும். அதன் பிறகு வாரக்கணக்கில் அதற்கும், பிறகு குஞ்சுக்கும், ஆண் கொண்டுவருவதுதான் சோறு. பழங்களைத் தொண்டையில் அடக்கிக் கொண்டுவந்து, பிளவின் வெளியே தொற்றிக்கொண்டு ஒவ்வொன்றாக அலகு நுனிக்குக் கொண்டுவந்து ஊட்டும். நாம் பொந்துக்கு எதிரே கேமராவோடு நின்றால் ஆண் அருகே வராது. தூரத்துக் கிளையில் பழத்தோடு காத்திருக்கும். நாம் நிற்கும் ஒவ்வொரு மணி நேரமும் உள்ளே இருப்பவை பட்டினி. அதனால் கூட்டு மரம் எனக்குத் தெரிந்திருந்தாலும் யாரையும் அங்கே அழைத்துப் போவதில்லை. அத்தி மரத்தடியில் பார்த்தாலே கண் நிறைந்துவிடும்.

இன்னும் மேலே நாலுமுக்கு, ஊத்து, குதிரைவெட்டி. தமிழ்நாட்டில் அதிக மழை பெய்கிற இடங்களில் இந்த ஊர்ப் பெயர்களை வானிலைச் செய்தியில் நீங்களும் கேட்டிருப்பீர்கள். செங்கோட்டைக் கணவாய்க்குத் தெற்கே உள்ள இந்த மலைத்தொடருக்கு அசம்பு மலை என்று பழைய பெயர் உண்டு. உலகத்தில் வேறு எங்கும் இல்லாத பறவைகள் இங்கே இருக்கின்றன. அசம்புச் சோலைக்கிளி அவற்றில் ஒன்று. கிளி இல்லை, சோலை நிழலில் தரையோரம் தத்தித் திரியும் நீலக் குருவி. கணவாய்க்கு வடக்கே உள்ள தன் உறவிலிருந்து இது வேறான இனம் என்று கண்டு 2017ல்தான் அதற்கு அறிவியல் பெயர் வைத்தார்கள். இதைப் பார்க்கிற ஆசையில் சிலர் கைபேசியில் அதன் குரலை ஒலிக்க விடுகிறார்கள். தன் எல்லைக்குள் அயலான் வந்துவிட்டான் என்று அது இரை தேடுவதை விட்டுவிட்டுச் சண்டைக்கு வரும். நம் படத்துக்காக அதை அப்படி அலைக்கழிப்பது எனக்குச் சம்மதம் இல்லை. என்னோடு வருகிறவர்கள் கைபேசியைப் பைக்குள் போட்டுவிடுவார்கள்.

இந்த மலையைப் பற்றிப் பேசும்போது அங்கே தேயிலை பறித்த மக்களைச் சொல்லாமல் போக எனக்கு மனம் வராது. 1929ல் சிங்கம்பட்டி ஜமீனிடமிருந்து 99 ஆண்டுக் குத்தகைக்கு எடுத்த தோட்டம். தலைமுறை தலைமுறையாக அங்கேயே பிறந்து வளர்ந்தவர்கள், 2024ல் வேலை முடிந்தது என்று சொல்லப்பட்டவர்கள். எந்தச் சரிவில் எந்த மரம் எப்போது பழுக்கும், எந்த ஓடையில் யானை இறங்கும் என்று அவர்களிடம் கேட்டுத்தான் எங்களைப் போன்றவர்கள் காட்டைப் படித்தோம். அந்த அறிவு அடிவாரத்துக்கு இறங்கி வந்து வீணாகப் போகக் கூடாது. காட்டு வழிகாட்டிகளாக அவர்களைவிடத் தகுதியானவர்கள் யார் இருக்கிறார்கள்?

மறுநாள் தண்ணீரோடு கீழே இறங்குவோம்.

வழியில் திருப்புடைமருதூர். தாமிரபரணியும் கடனாநதியும் கூடுகிற இடத்தில் நாறும்பூநாதர் கோயில். கோயிலைச் சுற்றியுள்ள மருத மரங்களிலும் மற்ற பெருமரங்களிலும் கொக்கும் நாரையும் கூடு கட்டுகின்றன. ஊர்க்காரர்களே காத்து வந்த அந்த இடம் 2005ல் பறவைகள் பாதுகாப்புக் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. பரப்பு மூன்று ஹெக்டேர்கூட இல்லை. காப்பதற்கு இடம் பெரிதாக இருக்க வேண்டும் என்று நினைப்பவர்கள் ஒரு தடவை போய் அண்ணாந்து பார்த்துவிட்டு வரலாம்.

பிசான நெல், அதாவது வடகிழக்குப் பருவமழைக் காலத்து நெல், நிற்கிற வயல்களில் நத்தைக்குத்தி நாரையைக் காட்டாமல் நான் நகர மாட்டேன். அதன் அலகை மூடினாலும் நடுவில் இடைவெளி தெரியும், பாக்குவெட்டியைப் பாதி மூடிப் பிடித்தது மாதிரி. அலகைத் தண்ணீருக்குள் முக்கித் துழாவி, நத்தை அகப்பட்டதும் தலையை வெளியே எடுக்காமலே வேலையை முடிக்கும். மேலலகால் ஓட்டை அமுக்கிக்கொண்டு, கீழலகின் கூர்நுனியை ஓட்டுக்குள் செலுத்தி, சதை ஓட்டோடு ஒட்டியிருக்கிற தசையை அறுத்துவிடும். ஓடு உடையாமலே சதை மட்டும் வந்துவிடும். குஞ்சுகளுக்கு இந்த இடைவெளி கிடையாது, வளர வளரத்தான் வரும். நெற்பயிரைத் தின்னும் நத்தையைக் கூலி இல்லாமல் பொறுக்குகிற பறவை இது. வயலில் பூச்சிமருந்து கூடிப் போனால் நத்தையும் போகும், இதுவும் போகும்.

மூலைக்கரைப்பட்டி தாண்டிக் கூந்தன்குளம் போய்ச் சேரும்போது கரை ஏறுவதற்கு முன்பே சத்தம் கேட்கும். 1994ல் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட ஊர், 2022ல் உலக முக்கியத்துவம் உள்ள நீர்நிலைகளின் ராம்சர் பட்டியலில் சேர்ந்த செய்தி வந்தது. ஆனால் இந்த அறிவிப்புகளுக்கெல்லாம் முன்பிருந்தே ஊரார் பறவையோடு வாழ்கிறார்கள். குளத்துக்குள் நிற்கும் கருவேல மரங்களில் மட்டுமில்லை, வீட்டுக் கொல்லை வேம்பிலும் மஞ்சள்மூக்கு நாரையும் கூழைக்கடாவும் கூடு கட்டுகின்றன. தீபாவளிக்கு அங்கே வெடி இல்லை. எச்சம் கலந்த குளத்துத் தண்ணீர் வயலுக்கு உரம். ஓடெல்லாம் எச்சம் வழிந்து வெளுத்துப் போன ஒரு வீட்டில், நாற்றமாக இருக்கிறதே அம்மா, எப்படி இருக்கிறீர்கள் என்று ஒரு பாட்டியிடம் கேட்டேன். "குஞ்சு பறக்குற மட்டும் பொறுத்துக்கிட்டா போயிரும்லா? அதுக்குன்னு மரத்த வெட்டவா முடியும்?" என்றார். கூட்டிலிருந்து தவறி விழுந்த குஞ்சுகளை எடுத்து மீன் ஊட்டி வளர்த்த பால்பாண்டியின் ஊரும் இதுதான்.

மஞ்சள்மூக்கு நாரையின் கூட்டை நண்பகலில் பாருங்கள். வெயில் உச்சிக்கு ஏறியதும் தாய்ப்பறவை குஞ்சுகளுக்கும் சூரியனுக்கும் நடுவே நின்று சிறகை விரித்து நிழல் கட்டும். சூரியன் நகர நகர அதுவும் திரும்பிக்கொள்ளும். துணைப்பறவை வந்து தொண்டையில் கொண்டுவந்த தண்ணீரைக் குஞ்சுகள் மேல் ஊற்றும். மரத்தடியில் கூட்டம் கூடிச் சத்தம் போட்டாலோ, தலைக்கு மேலே ட்ரோன் பறந்தாலோ, பெரிய பறவை எழுந்து போய்விடும். பஞ்சுத்தூவி மட்டுமே உள்ள குஞ்சு வெறும் வெயிலில் கிடக்கும். நான் எல்லாரையும் தூரத்தில் நிறுத்துவது இதனால்தான்.

பட்டைத்தலை வாத்துகளைப் பார்க்க விடியலில் கரைக்கு வர வேண்டும். திபெத், மங்கோலியா பக்கம் குஞ்சு பொரித்து, இமயமலையைத் தாண்டி வருகிறவை. வெண்தலையில் இரண்டு கறுப்புப் பட்டை. ஆழமில்லாத தண்ணீரில் பூநாரை தலைகீழாக அலகை வைத்து வடிகட்டித் தின்பதையும், பவளக்காலிகள் அதைச் சுற்றி நடப்பதையும் பக்கத்திலேயே பார்க்கலாம். இங்கே தண்ணீர் சரியில்லை என்றால் விஜயநாராயணம் குளத்திலும் தேடிப் பாருங்கள்.

நேயர்களே, நான் முக்கியமாகச் சொல்ல வந்தது இதுதான். அணையிலிருந்து எந்தக் கால்வாய்க்கு எத்தனை நாள் தண்ணீர் விடுவது என்று பேசும்போது, பயிருக்கு இவ்வளவு, குடிநீருக்கு இவ்வளவு என்று கணக்கு உண்டு. கூட்டில் குஞ்சு இருக்கிற குளத்துக்கும் அதில் ஒரு பங்கு எழுதப்பட வேண்டும். குஞ்சு பறக்கும் முன்னால் குளம் வற்றினால் மீன் போய்விடும், பெரிய பறவைகள் கூட்டைக் கைவிட்டுவிடும். தூர்வாரும்போது கூட்டு மரங்களை அடையாளம் வைத்து விட்டுவிட வேண்டும். கூட்டுக்காலத்தில் இயந்திரம் குளத்துக்குள் இறங்கக் கூடாது. இவற்றுக்குப் பெரிய செலவு இல்லை. விவசாயிகளும் நீர்வளத்துறையும் வனத்துறையும் மழைக்கு முன்னால் ஒரு தடவை சேர்ந்து உட்கார்ந்தால் போதும்.

நீங்களும் சேர ஒரு வழி இருக்கிறது. 2011 முதல் தாமிரபரணிப் பாசனக் குளங்களில் நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது. பறவை பெயர் தெரியாதவர்களும் தெரிந்தவர்களோடு சேர்ந்து வரலாம். எந்தக் குளத்தில் எது குறைந்தது, எது வரவில்லை என்று காட்ட அந்த எண்ணிக்கைதான் நம் கையில் இருக்கும் சான்று. ஜனவரியில் அறிவிப்பு வரும்போது பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு, உங்கள் ஊர்க் குளத்துக்கே பெயர் கொடுங்கள்.

வணக்கம்.