உப்புநீர்த் தொட்டியில் இறாலும் நத்தையும்: பழி யார்மேல்?

[காட்சி: கடல் மீன்தொட்டி. மணலில் மல்லாந்து கிடக்கும், பாசி தின்னும் டர்போ நத்தை. அதன் வாய்க்குள் காலை விட்டுக் கொறிக்கும் கிளீனர் இறால்.]

காலையில் விளக்கைப் போட்டதும் இதைப் பார்த்தால், "இறால் நத்தையைத் தின்னுடுச்சு" என்றுதான் யாருக்கும் தோன்றும். பெரும்பாலும் அது வீண்பழி. சிவப்பு முதுகில் வெள்ளைக் கோடு ஓடும் இந்த இறாலின் இடுக்கி நூல் மாதிரி. டர்போ உள்ளே ஒடுங்கித் தன் சுண்ணாம்பு மூடியைச் சாத்திவிட்டால் இறாலால் அதை அசைக்கக்கூட முடியாது. நத்தை முந்தைய நாளே செத்திருக்கும். இறால் பந்திக்குத்தான் வந்திருக்கிறது.

ஆகவே இறாலை மாற்றுவதற்கு முன் நத்தை ஏன் செத்தது என்று பாருங்கள்.

[காட்சி: கண்ணாடியில் ஏறும் நத்தை, வழுக்கி விழுகிறது.]

முதல் காரணம், கவிழ்ந்து விழுவது. பாசி தின்னும் நத்தைகளில் ட்ரோக்கஸ் ரகம் தானாகப் புரண்டுகொள்ளும். டர்போ பல நேரம் திணறும், அஸ்ட்ரேயாவால் அநேகமாக முடியாது. காலையில் ஒருமுறை பார்த்து நிமிர்த்தி வையுங்கள். உயிர் இருக்கிறதா என்று தெரியவில்லையா? மூடியை விரலால் தொடுங்கள். இருந்தால் உள்ளே இழுக்கும். செத்தது தளர்ந்து தொங்கும், முகர்ந்தால் நாற்றம் குடலைப் பிடுங்கும். உடனே வெளியே எடுங்கள். 100 லிட்டர் தொட்டியில் ஒரு பெரிய நத்தை அழுகினாலே அம்மோனியா ஏறிவிடும்.

இரண்டாவது பசி. புதுத் தொட்டியில் பத்து நத்தையைக் கொட்டுவார்கள். இரண்டு வாரத்தில் பாசி தீர்ந்துவிடும், அப்புறம் ஒவ்வொன்றாகச் சாகும். 100 லிட்டருக்கு மூன்று நான்கு பாசி தின்னிகளோடு தொடங்குங்கள். கண்ணாடி பளிச்சென்று ஆகிவிட்டால், சுத்தமான கரையில் கிடைக்கும் பச்சைக் கடல்பாசியைக் கழுவி, உள்ளங்கை அளவு கிள்ளி, கல்லில் கட்டி இறக்குங்கள். நசாரியஸ் வேறு ரகம். அது மணலுக்குள் புதைந்திருக்கும், தும்பிக்கையை மட்டும் வெளியே நீட்டும், பாசியைத் தொடாது. அதற்கு இறைச்சித் துணுக்கு வேண்டும். அதையும் கிளீனர் இறால் ஓடிவந்து பறிக்கும் என்பதால், முதலில் இறாலுக்கு ஒரு துண்டு கொடுத்துவிட்டு நசாரியஸ் பக்கம் போடுங்கள்.

[காட்சி: தொட்டிமேல் சுழலும் சின்ன ஃபேன்.]

மூன்றாவது நம் ஊர் வெயில். தண்ணீர் 25, 26 டிகிரியில் இருந்தால் நல்லது. 28-ஐத் தாண்ட விடாதீர்கள். ஃபேன் வைத்தால் இரண்டு மூன்று டிகிரி குறையும், ஆனால் தண்ணீர் ஆவியாகும். உப்பு ஆவியாகாது. 35 பிபிடி (ஆயிரம் பங்கில் 35 பங்கு) உப்புள்ள 100 லிட்டரில் 3 லிட்டர் குறைந்தால் 36 பிபிடி ஆகிவிடும். இப்படித் தள்ளிப்போட்டுவிட்டு, ஞாயிற்றுக்கிழமை மொத்தமாக ஊற்றினால் இறால் அதிர்ந்துபோகும். தினமும் ஊற்றுங்கள், அதுவும் ஆர்.ஓ. நல்ல தண்ணீர்தான். ஆவியான இடத்தில் கடல்தண்ணீர் ஊற்றுவதுதான் இங்கே அதிகம் நடக்கிற தப்பு.

கடல்தண்ணீரை எடுத்து வந்து வளர்ப்பவர்கள் வடகடலோ (பாக் விரிகுடா) தென்கடலோ (மன்னார் வளைகுடா), படகுத்துறைப் பக்கம் எடுக்காதீர்கள், டீசல் படலம் இருக்கும். வாடை மாத மழைக்குப் பிறகு உப்பு இறங்கியிருக்கும். உப்பு அளக்கும் ரிஃப்ராக்டோமீட்டரில் ஒப்படர்த்தி 1.025 காட்டாமல் தொட்டிக்குள் விடக்கூடாது.

[காட்சி: திண்ணையில் செம்புக் குடம்.]

இந்தக் குடம் தொட்டிப் பக்கமே வரக்கூடாது. பித்தளை அண்டாவும்தான். செம்பு மீனைவிட இறாலையும் நத்தையையும் வெகு சீக்கிரம் கொல்லும். மீனுக்கு வெள்ளைப்புள்ளி வந்தால் கடையில் கொடுக்கும் மருந்து பலவற்றில் செம்பு உண்டு. மீனை வேறு தொட்டிக்கு மாற்றி அங்கே மருந்து போடுங்கள். ஒருமுறை கலந்துவிட்டால் கல்லிலும் மணலிலும் ஊறிக்கொண்டு, பிறகு கசிந்துகொண்டே இருக்கும்.

இனி உண்மையான கொலைகாரர்கள். துறவி நண்டு, சங்கு வேண்டும் என்று உயிருள்ள நத்தையையே கொல்லும். அதை வளர்ப்பதானால் பல அளவில் காலிச் சங்குகளைப் போட்டு வையுங்கள். மேண்டிஸ் இறால் பாறை இடுக்கில் ஒளிந்து வரும். இரவில் 'டக்' என்று சத்தம், காலையில் உடைந்த ஓடு. கரைவலையில் ஏறும் சங்கெல்லாம் அழகாக இருக்கிறதே என்று எடுத்து வராதீர்கள். யானைமுள்ளி மற்றச் சங்குகளை வேட்டையாடும். கூம்புச் சங்கு விஷ ஊசி போடும், ஆளுக்கே ஆபத்து, கையாலும் தொடாதீர்கள். ராமேஸ்வரம் முதல் தூத்துக்குடி வரையுள்ள 21 தீவுகளும் தேசியப் பூங்கா. அங்கிருந்து எதையும் எடுக்கக்கூடாது. பவளக்கல்லை எங்கிருந்து எடுப்பதும் 1972 வனவிலங்குச் சட்டப்படி குற்றம். தொட்டிக்குச் செராமிக் கல் போதும்.

இறால்களுக்குள்ளும் பொருத்தம் பார்க்க வேண்டும். சிவப்பு வெள்ளைப் பட்டை போட்ட பவள இறாலை ஒன்று, அல்லது ஜோடி சேர்ந்த இரண்டு மட்டும் வையுங்கள். ஜோடி சேராத இரண்டு விடிவதற்குள் ஒன்றாகிவிடும். சின்ன இறால்களையும் அது விடாது.

[காட்சி: முடிச்சிட்ட ஏர் டியூபிலிருந்து சொட்டும் நீர்.]

வாங்கி வந்ததும் பையோடு கொட்டாதீர்கள். இறாலையும் பைத் தண்ணீரையும் ஒரு டப்பாவில் ஊற்றி, தொட்டியிலிருந்து ஏர் டியூபில் தண்ணீர் இறக்குங்கள். விநாடிக்கு இரண்டு மூன்று சொட்டு வரும்படி டியூபில் முடிச்சுப் போடுங்கள். அரை லிட்டர் இரட்டிக்க ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். பாதியைக் கொட்டிவிட்டு இன்னொரு தடவை. நத்தைக்கும் இதேதான். டப்பாத் தண்ணீரைத் தொட்டியில் ஊற்ற வேண்டாம்.

[காட்சி: மணலில் வெளிறிய இறால் உருவம்.]

சில வாரத்துக்கு ஒருமுறை இதைப் பார்த்துப் பதறுவீர்கள். கண்ணாடி போல வெளிறி, தலைக்குப் பின்னால் பிளந்திருந்தால் அது உரித்த தோல். செத்த இறால் என்றால் சதை வெளுத்து இளஞ்சிவப்பாகியிருக்கும். உரித்தவர் பாறைக்குப் பின்னால் இருப்பார், புதுத்தோல் இறுக ஓரிரு நாள் ஆகும். அதுவரை கல்லை நகர்த்தித் தேடாதீர்கள். தோலையும் அப்படியே விட்டுவிடுங்கள், நசாரியஸ் வந்து கொறிக்கும்.